காப்பகத்து நாயை வாக்கிங் கூட்டிப்போக ஆசையா? போகுமுன் இதைப் படித்துவிடுங்கள்

போன வருடம் பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை 9 மணிக்குக் கையில் இரண்டு பிஸ்கட் பாக்கெட்டோடு ஒரு விலங்குக் காப்பகத்தின் கேட்டில் போய் நின்றேன். "நாய்களை வாக்கிங் கூட்டிப்போக வந்திருக்கேன்" என்றேன். வாசலில் இருந்த அக்கா மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஊசி போட்டிருக்கீங்களா?" என்றார். இல்லை. "ஃபாரம் கொடுத்திருக்கீங்களா?" இல்லை. "வாக்கிங்லாம் ஏழரைக்கே முடிஞ்சிடுமே, யாரும் சொல்லலையா?" யாரும் சொல்லவில்லை. கொண்டுபோனது சாக்லேட் க்ரீம் பிஸ்கட். சாக்லேட் நாய்க்கு விஷம் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. டீ நேரத்தில் அங்கே வேலை செய்பவர்கள் சாப்பிட்டார்கள்.

அன்றிலிருந்து ஒரு நாயின் கயிறு என் கைக்கு வந்துசேர 11 வாரம் ஆனது. விவரம் தெரிந்து போயிருந்தால் 5 வாரத்தில் முடிந்திருக்கும். அந்த ஆறு வாரத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இது. படித்துவிட்டு "நமக்கு ஒத்துவராது" என்று விட்டுவிட்டாலும் நல்லதுதான். பாதியில் காணாமல் போகிறவர்களால் காப்பகத்துக்கு வேலை கூடுமே தவிரக் குறையாது.

1. முதலில் காலண்டரைப் பாருங்கள்

நாய் பிடிக்குமா என்பது இங்கே கேள்வியே இல்லை. அடுத்த ஆறு மாதம், வாரத்தில் ஒரே கிழமை, காலை 6 மணிக்கு அங்கே இருக்க முடியுமா? அதுதான் கேள்வி.

ஏன் 6 மணி? சென்னை வெயில். மார்ச் தொடங்கிவிட்டால் 8 மணிக்கே தார்ச்சாலை சுட ஆரம்பித்துவிடும். நமக்குச் செருப்பு இருக்கிறது, அதற்கு இல்லை. புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். ஏழு விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் நாயை அதில் நடக்க வைக்கக் கூடாது. மாலையில் போகலாமே என்று நினைக்கலாம். நான் போகும் இடத்தில் மாலை சாப்பாடு, மருந்து நேரம். தரையும் 6 மணிக்கு மேல்தான் ஆறும்.

ஏன் ஒரே கிழமை? கூண்டில் இருக்கும் நாய் சீக்கிரமே கணக்கு வைத்துக்கொள்கிறது. நான் கூட்டிப்போகும் சுக்கு என்ற பழுப்பு நிற நாட்டு நாய், ஞாயிறு காலை மட்டும் கூண்டின் முன்பக்கம் வந்து உட்கார்ந்திருப்பாள் என்று அங்கே வேலை செய்யும் அண்ணன் சொன்னார். நான் ஊருக்குப் போயிருந்த ஞாயிறு அன்றும் உட்கார்ந்திருந்தாளாம்.

சென்னையில் வருடத்தின் அமைப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். மே மாதம் பள்ளி, கல்லூரி விடுமுறையில் தன்னார்வலர்கள் குவிகிறார்கள், ஜூனில் கலைந்துவிடுகிறார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை; அப்போதுதான் ஆளே வருவதில்லை, வேலையோ இரண்டு மடங்கு. தீபாவளிக்கு முன்னும் பின்னும் சில நாட்கள் வெளியே வாக்கிங்கே கிடையாது. வெடிச்சத்தத்தில் மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் நாயைப் பிடிப்பது லேசில்லை. மழையிலும் வருவேன் என்று உங்களால் சொல்ல முடிந்தால் மேலே படியுங்கள்.

2. இடத்தைத் தேர்ந்தெடுப்பது

இதில்தான் நான் முதல் தப்பு செய்தேன். வீடு பெரம்பூரில். நான் முதலில் பேர் கொடுத்த காப்பகம் நகரத்தின் தென்கோடியைத் தாண்டி. ஞாயிறு அட்டவணையில் ரயில் குறைவு; ஆட்டோவுக்குப் போக மட்டும் 350 ரூபாய். மூன்றாவது வாரமே மனம் சாக்குத் தேட ஆரம்பித்துவிட்டது. வீட்டிலிருந்து 40 நிமிடத்துக்குள் போய்ச்சேரக்கூடிய இடமாகப் பாருங்கள். அதுவும் ஞாயிறு காலை ஐந்தரைக்கு என்ன வண்டி கிடைக்கிறது என்ற கணக்கில். வார நாளில் ஆபீஸ் போகும் கணக்கு இதற்கு உதவாது.

சென்னையில் பலருக்கும் தெரிந்த பெயர் ப்ளூ கிராஸ். கிண்டியில், வேளச்சேரி சாலையில் இருக்கிறது. அடையாறு தியாசாபிகல் சொசைட்டியின் இடத்தில் பெசன்ட் நினைவு விலங்கு மருந்தகம் இருக்கிறது. இவை போக, புறநகரில் தனியாரும் சிறு அறக்கட்டளைகளும் நடத்தும் காப்பகங்கள் பல உண்டு. எல்லா இடத்திலும் வெளியாளை வாக்கிங்குக்கு விடுவார்கள் என்று நினைக்காதீர்கள். நாய்கள் மிக அதிகமாக உள்ள இடத்தில் ஒவ்வொன்றாக வெளியே கூட்டிப்போவது நடக்காத காரியம். உள்ளேயே திறந்த முற்றத்தில் அவிழ்த்து விடுவார்கள். அங்கே உங்களிடம் கேட்பது வேறு வேலையாக இருக்கும்.

பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று: மாநகராட்சியின் புளியந்தோப்பு, லாயிட்ஸ் காலனி, கண்ணம்மாபேட்டை போன்ற மையங்கள் கருத்தடை அறுவைக்கானவை. தெருநாயைப் பிடித்து வந்து, அறுவை முடித்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, சில நாளில் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவதுதான் அங்கே நடைமுறை. வாக்கிங்குக்கு அங்கே போய் நின்று பயனில்லை.

சிறிய காப்பகம் என்றால் சேரும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியில் பாசி இருக்கிறதா, புதிதாக வந்த நாய்களைத் தனியாக வைத்திருக்கிறார்களா, ஒவ்வொரு நாய்க்கும் ஊசி விவரம் எழுதிய நோட்டு இருக்கிறதா. இந்த மூன்றைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். "பதிவுக் கட்டணம்" என்று யாராவது தனிநபர் எண்ணுக்கு ஜிபே செய்யச் சொன்னால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். டி-ஷர்ட்டுக்கோ பயிற்சிக்கோ பணம் கேட்டால், அறக்கட்டளையின் பெயரில் ரசீது வேண்டும் என்று சொல்லுங்கள்.

3. ஃபோனில் கேட்க வேண்டியவை

மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். நான் அனுப்பியதற்கு மூன்று வாரம் பதிலே இல்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது; அடிபட்ட நாயைத் தூக்கிக்கொண்டு ஓடுபவருக்கு இன்பாக்ஸ் பார்க்க நேரம் ஏது. பகல் 11 மணியிலிருந்து 1 மணிக்குள், வார நாளில் கூப்பிடுங்கள். காலையில் கூண்டு கழுவும் நேரம், மாலையில் சாப்பாட்டு நேரம். அப்போது கூப்பிட்டால் யாரும் எடுக்கமாட்டார்கள், எடுத்தாலும் பொறுமையாகப் பேசமாட்டார்கள்.

கேட்க வேண்டியது இவ்வளவுதான்: புதியவர்களை வாக்கிங்குக்கு விடுவீர்களா, எத்தனை வாரம் கழித்து? கேட்டுக்கு வெளியேவா, உள்ளேயே மட்டுமா? வாக்கிங் போகும் நாய்கள் அனைத்துக்கும் வெறிநோய் ஊசி போட்டாயிற்றா? எனக்கு ஊசி அட்டை வேண்டுமா? கடித்தால் யாரிடம் சொல்ல வேண்டும்? கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது குரலைக் கவனியுங்கள். "நம்ம நாயெல்லாம் கடிக்காது சார்" என்று ஒருவர் எனக்குப் பதில் சொன்னார். அங்கே நான் போகவில்லை. கடித்தால் இன்னாரிடம் சொல்லுங்கள், இந்த நோட்டில் எழுதுவோம், நாயைப் பத்து நாள் கவனிப்போம் என்று சொல்லும் இடம்தான் நல்ல இடம்.

4. ஊசி: நேரம் எடுப்பது இதுதான்

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தொடங்கிவிடுங்கள். காப்பகம் கேட்காவிட்டாலும் போடுங்கள்.

நாய் கடித்த பிறகு போடும் ஊசி எல்லோருக்கும் தெரியும். கடிக்கும் முன்பே போட்டுக்கொள்வதும் உண்டு: மூன்று ஊசி. முதல் நாள், அதிலிருந்து 7-ஆம் நாள், பிறகு 21 அல்லது 28-ஆம் நாள். அதாவது நினைத்த மாத்திரத்தில் முடியாது. குறைந்தது மூன்று வாரம். நான் போகும் காப்பகத்தில் கடைசி ஊசிக்குப் பிறகும் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னார்கள்.

இதன் பலன் என்னவென்றால், பின்னால் எப்போதாவது கடிபட்டால் இரண்டே ஊசி போதும்: அன்றும், 3-ஆம் நாளும். காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் (வைரஸை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் பொருள்) தேவைப்படாது. முன்கூட்டிப் போடாதவருக்கு நான்கைந்து தடவை ஊசி, தோலைத் துளைத்த கடியென்றால் கூடவே இம்யூனோகுளோபுலின். ஊசி அட்டை கையில் இருந்தால்தான் இந்தச் சலுகை. பின்னால் எழுத இடம் வேண்டும். அதனால் அட்டையை லேமினேட் செய்துவிடாதீர்கள். ஃபோனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

எங்கே போடுவது? அரசு மருத்துவமனைகளில் இந்த மருந்து இலவசம், ஆனால் கடிபட்டு வருபவர்களுக்குத்தான் முதலிடம். நான் ஓபி சீட்டு வாங்கி ஒன்றரை மணி நேரம் நின்று உள்ளே போனதும், "எங்கே கடிச்சது?" என்றார்கள். கடிக்கவில்லை என்றேன். "அப்புறம் எதுக்கு வந்தீங்க?" வெளியே போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். எனக்குப் பின்னால் கையில் துணி சுற்றிய ஒரு பள்ளிக்கூடப் பையன் நின்றிருந்தான். அவர்கள் சொன்னதில் தப்பில்லை என்று பட்டது.

அடுத்து ஒரு தனியார் கிளினிக். அங்கே வேறு கூத்து. நாய் ஊசி என்றதும் கடித்த பிறகு போடும் அட்டவணையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள்: 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 14, 28 என்று. நானும் 3-ஆம் நாள் போய் இரண்டாவது ஊசியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு வேறொரு டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் சரியானது. அதற்குள் ஒரு ஊசிப் பணம் தண்டம். நீங்கள் கவுன்ட்டரிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: "கடிக்கவில்லை. நாய்க் காப்பகத்தில் வேலை செய்யப் போகிறேன். முன்தடுப்புக்குப் போடும் மூன்று ஊசி வேண்டும்." கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், மலேரியா மாத்திரை எடுப்பவர்கள் இதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அதே கையோடு டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று யோசித்துப் பாருங்கள். ஞாபகம் இல்லையென்றால் அதையும் கேளுங்கள்.

5. காகிதங்கள்

ஆதார் ஜெராக்ஸ் ஒன்று, பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு, ஊசி அட்டையின் நகல், அவசரத்துக்குக் கூப்பிட ஒருவர் எண், இரத்த வகை. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து; சில இடங்களில் பெற்றோரும் கூடவே இருக்க வேண்டும். ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும்படி மறைத்த பிரதியை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதைக் கொடுத்தால் போதும்.

கூடவே ஒரு உறுதிமொழிப் படிவம் தருவார்கள். "எனக்கு ஏதேனும் நேர்ந்தால் காப்பகம் பொறுப்பல்ல" என்று அதில் இருக்கும். நின்றுகொண்டே கையெழுத்துப் போடாதீர்கள், உட்கார்ந்து படியுங்கள். உங்களுக்கு நேர்வது ஒன்று. உங்கள் கையில் இருக்கும் நாயால் தெருவில் போகிறவருக்கு நேர்வது இன்னொன்று. இரண்டாவதற்கு யார் பொறுப்பு என்று படிவத்தில் இல்லையென்றால் வாய்விட்டுக் கேளுங்கள். தன் வசமுள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. பயமுறுத்தச் சொல்லவில்லை. கயிறு கையில் இருக்கும்போது ஃபோனை எடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கையெழுத்துப் போட்டதை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் காப்பகத்தில் என் ஃபாரம் தொலைந்துபோய் இரண்டாம் முறை எழுதினேன்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. சான்றிதழுக்காகத்தான் போகிறீர்கள் என்றால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. எத்தனை மணி நேரம், யார் கையெழுத்து என்று பேசிக்கொண்டு, வருகை நோட்டில் அன்றன்றே எழுதி வாங்குங்கள். கடைசி நாள் வந்து மொத்தமாகக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

6. செலவு

நான் செலவழித்தது: மூன்று ஊசி, போடும் கட்டணத்தோடு சுமார் 1,500 ரூபாய் (தண்டம் போன ஒன்று தனி). பிடிமானமுள்ள பழைய ஸ்போர்ட்ஸ் ஷூ வீட்டிலேயே இருந்தது. மழைக்காலத்துக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் 450. இரண்டு பழைய ஜீன்ஸ், முழுக்கை பனியன், அதற்குச் செலவில்லை. போக்குவரத்து, இப்போது போகும் இடத்துக்கு, வாரம் 60 ரூபாய். கயிறு, கழுத்துப்பட்டை எல்லாம் காப்பகமே தரும். நீங்களாக ஆசைப்பட்டு இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறு வாங்காதீர்கள். தெருவில் அது ஆபத்து: நாய் பதினைந்து அடி தள்ளிப் போன பிறகு பைக் வந்தால் என்ன செய்வீர்கள்?

மருத்துவக் காப்பீடு இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் பாலிசியை ஒருமுறை புரட்டுங்கள். படுக்கையில் சேர்க்காமல் ஓபியில் போடும் ஊசிக்குப் பெரும்பாலான பாலிசிகளில் பணம் வராது.

7. மூன்று வாரம் கழுவிப் பாருங்கள்

ஊசி முடியக் காத்திருக்கும் வாரங்களை வீணாக்க வேண்டாம். நாய் மேல் கை வைக்காத வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு வாங்கிச் செய்யுங்கள். சாப்பாட்டுத் தட்டு கழுவுவது, பழைய செய்தித்தாளை மடித்து அடுக்குவது, பழைய பெட்ஷீட் துவைப்பது, சாக்கு உதறுவது.

இந்த மூன்று வாரம்தான் உங்களுக்கான தேர்வு. முதல் நாள் வாடை தாங்காமல் வெளியே வந்து நின்றேன். ஃபினாயில், மூத்திரம், வேகவைத்த கோழிக் கழுத்து, புண்ணுக்குப் போடும் மருந்து, எல்லாம் கலந்த ஒரு வாடை. இரண்டாவது வாரம் பழகிவிட்டது. சத்தம் மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. ஒன்று குரைத்தால் அறுபதும் குரைக்கும்.

பழகாமல் போகக்கூடியது இன்னொன்றும் உண்டு. போன வாரம் வாலாட்டிய நாய் இந்த வாரம் இருக்காது. யாராவது தத்தெடுத்துப் போயிருந்தால் சந்தோஷம். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்து செத்துப்போயிருக்கவும் கூடும். கேட்டால் வேலை செய்யும் அண்ணன் கூண்டைக் கழுவிக்கொண்டே சொல்வார். அவருக்கு நின்று அழ நேரமில்லை. அதைப் பார்த்து "கல் நெஞ்சு" என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டேன். உங்களால் இதைத் தாங்க முடியாது என்றால் அது குறையே இல்லை, ஆனால் மூன்றாவது வாரத்துக்குள் கண்டுபிடித்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

அங்கே சம்பளத்துக்கு வேலை செய்பவர்களிடம் மரியாதையாக இருங்கள். யூடியூபில் பார்த்த பயிற்சி முறையை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள். ஒவ்வொரு நாயின் குணமும் அவர்கள் மனதில் இருக்கிறது, எந்த நோட்டிலும் இல்லை.

8. கயிறு கைக்கு வந்த பிறகு

கூண்டுக்கு உள்ளேயே கயிற்றை மாட்ட வேண்டும், வெளியே வந்து அல்ல. கதவை உங்கள் உடம்பு நுழையும் அளவு மட்டும் திறந்து, முழங்காலால் இடைவெளியை மறித்துக்கொண்டு உள்ளே போங்கள். நாய் மேலே தாவும். குனியாதீர்கள், முகத்துக்கு நேரே முகம் கொண்டுபோகாதீர்கள். பக்கவாட்டில் நின்று, அது நான்கு காலும் தரையில் வைக்கும் வரை பொறுத்து, அப்புறம் மாட்டுங்கள்.

கழுத்துப்பட்டைக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் போக வேண்டும். மூன்று போனால் தளர்வு. இதை ஒவ்வொரு வாரமும் பாருங்கள், நேற்று யாரோ பார்த்தார்கள் என்று விடாதீர்கள். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒல்லியான வேட்டை நாய்கள் சென்னைக் காப்பகங்களில் வந்து சேர்கின்றன; ஆசையாக வாங்கி, ஃப்ளாட்டில் வைத்துச் சமாளிக்க முடியாமல் விட்டுவிடுகிறார்கள். அவற்றுக்குத் தலை சிறியது, கழுத்து நீளம். சாதாரணப் பட்டையைப் பின்னால் இழுத்துக்கொண்டே ஒரே நொடியில் கழற்றிவிடும். பூனையோ அணிலோ கண்ணில் பட்டால் பிறகு பிடிக்க முடியாது. இழுத்தால் இறுகும் பட்டையோ, மார்போடு சேர்த்துப் போடும் ஹார்னஸோ கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்த நாயை வெளியே கூட்டிப்போக மறுத்துவிடுங்கள்.

கயிற்றின் வளையத்தைக் கட்டைவிரலில் கோத்து, மீதியை மடித்து உள்ளங்கையில் பிடியுங்கள். மணிக்கட்டில் சுற்றாதீர்கள். நான் சுற்றியிருந்தேன். இரண்டாவது வாரம், ஒரு லேப்ரடார், எதிர்ப்பக்கம் கறிக்கடை. என் முழங்கை தேய்ந்ததும் கண்ணாடி உடைந்ததும் இரண்டு விநாடிக்குள் முடிந்துவிட்டன. கறிக்கடைக்காரர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "தினமும் ஒருத்தர் விழறாங்க" என்றார்.

வழியில் உண்மையான தொல்லை தெருநாய்கள்தான். ஒவ்வொரு தெருவும் ஒரு கூட்டத்துக்குச் சொந்தம். உங்கள் நாய் அந்த எல்லைக்குள் கால் வைத்ததும் நான்கைந்து எழுந்து வரும். ஓடாதீர்கள், கல்லை எடுக்காதீர்கள், உங்கள் நாயைத் தூக்கவும் கூடாது. கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, வந்த வழியே நிதானமாகத் திரும்புங்கள். முதல் வாக்கிங்கை நாய் இல்லாமல் ஒருமுறை நீங்கள் மட்டும் நடந்து பார்த்தால் எந்த மூலையில் எது படுத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இதை யாரும் செய்வதில்லை. செய்யுங்கள்.

அடுத்தது குப்பைத் தொட்டி. ஞாயிறு காலை என்பதால் சனி இரவுப் பிரியாணி எலும்புகள் எங்கும் கிடக்கும். நாய் தலையைத் தாழ்த்தினாலே கயிற்றைச் சுருக்கிக்கொண்டு நடையை வேகமாக்குங்கள். வாய்க்குள் போய்விட்டால் கையை விட்டு எடுக்காதீர்கள். திரும்பியதும் சொல்லிவிடுங்கள், அவர்கள் கவனித்துக்கொள்வார்கள்.

எத்தனை நேரம்? 20 நிமிடம் போதும். கூண்டில் இருந்த நாய்க்கு நடப்பதைவிட மோப்பம் பிடிப்பதுதான் பெரிய விஷயம். ஒரு மின்கம்பத்தில் ஐந்து நிமிடம் நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்க்கு மே மாதத்தில் 10 நிமிடமே அதிகம். நாக்கு தொங்கி, எச்சில் கெட்டியாக ஒழுகி, ஈறு கருஞ்சிவப்பானால் உடனே நிழல்; வயிற்றிலும் பாதத்திலும் சாதாரணக் குழாய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு ஃபோன் செய்யுங்கள்.

மலத்தை அள்ளக் கையில் காகிதமோ பையோ வேண்டும். அள்ளாமல் வந்தால் அந்தத் தெருக்காரர்கள் உங்களைத் திட்ட மாட்டார்கள், காப்பகத்தைத்தான் திட்டுவார்கள்.

9. கடித்துவிட்டால்

கடி என்றில்லை, பல் பட்ட கீறல், நகக்கீறல், புண்ணில் நக்கியது எல்லாம் இதில் அடக்கம். ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம். பிறகு பீட்டாடின் மாதிரிக் கிருமிநாசினி. மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் ஊசி அட்டையைக் காட்டுங்கள். எனக்கு ஊசி போட்டாயிற்றே, நாய்க்கும் போட்டாயிற்றே என்று விட்டுவிடாதீர்கள். அன்றும் 3-ஆம் நாளும் போடும் அந்த இரண்டு ஊசியையும் நீங்கள் போட்டே ஆக வேண்டும்.

காப்பகத்தில் மறைக்காதீர்கள். "சொன்னால் அந்த நாயைக் கட்டிப்போட்டுவிடுவார்கள்" என்று பாவப்பட்டு மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த வாரம் அதே நாயைக் கூட்டிப்போகும் பதினாறு வயதுப் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள்.

10. வீட்டுக்குத் திரும்பும்போது

காலுறையின் விளிம்பு, இடுப்புப்பட்டை, காதுக்குப் பின்பக்கம். உண்ணி இந்த மூன்று இடத்தில்தான் ஏறும். வாசலிலேயே தட்டிப் பாருங்கள். உடைகள் நேராக வாளிக்கு.

வீட்டில் நாய், அதிலும் குட்டி இருந்தால், ஷூவைப் படிக்கு மேலே ஏற்றாதீர்கள். குட்டிகளுக்கு உயிர்க்கொல்லியான பார்வோ வைரஸ் ஷூ அடியில் ஒட்டிக்கொண்டு வரும், மாதக்கணக்கில் சாகாது. ஃபினாயில் இதற்குப் போதாது. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். உங்கள் நாயின் தடுப்பூசிகள் தேதி தவறியிருந்தால் அதை முடித்துவிட்டுச் சேருங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செலவு குறைவு, ஆனால் அரை நாள் போகும்.

மழைக்காலத்தில் காலில் வெடிப்போ சிராய்ப்போ இருந்தால் அந்த வாரம் கூண்டுத் தரையில் தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் நாய் மூத்திரத்தாலும் வரும். அடுத்த இரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், காப்பகத்தில் வேலை செய்வதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கமாட்டார்.

11. ஒத்துவராது என்றால், நிறுத்துவதென்றால்

ஞாயிறு 6 மணி முடியாது என்றால் வேறு வேலை நிறைய இருக்கிறது. தத்துக்கு விட நல்ல புகைப்படம் எடுப்பது, கார் இருந்தால் அடிபட்ட நாயைக் கொண்டுவர ஓட்டுவது, அபார்ட்மெண்டில் பழைய செய்தித்தாளும் பெட்ஷீட்டும் சேர்த்து மாதம் ஒருமுறை கொண்டுபோய்க் கொடுப்பது. கடைசியில் சொன்னதை என் மாடிவீட்டு மாமி செய்கிறார். நாயென்றால் அவருக்குப் பயம்; என்னைவிட அவரைத்தான் அங்கே அதிகம் விசாரிக்கிறார்கள்.

சேர்ந்த பிறகு நிறுத்த வேண்டி வந்தால் இரண்டு வாரம் முன்பே சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறுவதுதான் இங்கே வழக்கம். அந்த ஞாயிறு யார் வருவார் என்று தெரியாமல் அவர்கள் 7 மணி வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கூட்டிப்போன நாயைப் பற்றி நாலு வரி எழுதி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். சுக்குவுக்கு நான் எழுதி வைத்திருப்பது இது:

"இடது பக்கம்தான் நடப்பாள். குடை விரித்தால் மிரளுவாள். பால் பூத் மூலையில் இரண்டு கறுப்பு நாய்கள், எதிர்ப்பக்கம் போகவும். பட்டை நான்காவது துளை."